பதினெட்டு வயசுக்கு அப்புறம் யார் பார்ப்பது?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு குழந்தையின் பல்லை எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் யாராவது ஒருவர் எப்படியும் பார்த்துவிடுகிறார். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு பார்க்கவேண்டிய முப்பது வகைக் குறைபாடுகளில் பல் நோயும் ஒன்று. சிறப்புப் பள்ளி என்றால் அவ்வப்போது பல் மருத்துவர் வந்து போவதும் உண்டு. அந்தத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடுகிறது. பள்ளியும் ஏறக்குறைய அதோடு முடிகிறது. பிள்ளை வீட்டுக்குள் போய்விடுகிறது. பிறகு முப்பது, நாற்பது வயதில் கன்னம் வீங்கி, நாலு நாளாகச் சோறு இறங்காமல், ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் மறுபடி ஒரு பல் மருத்துவர் அந்த வாயைப் பார்க்கிறார். அந்த நிலையில் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவது மட்டும்தான். அடுத்த வீக்கத்துக்கு அடுத்த பல். இப்படியே நாற்பத்தைந்து வயதில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லாத எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பொய்ப்பல் செட் போட்டுப் பழக்குவதும் எளிதல்ல. ஆகவே இருக்கும் பல்லைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி.

நான் பல் மருத்துவர். ராமநாதபுரத்தில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். சில வருடங்களாக ஒரு சிறப்பாசிரியை அக்காவோடு மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் என்று கரையோர ஊர்களில் இந்தப் பெரியவர்களின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். மற்ற பல் மருத்துவர்களுக்கும் உதவலாம். அதைவிட, வீட்டில் இவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கும் அக்கா அண்ணிகளுக்கும் உதவவேண்டும் என்பதே என் ஆசை. நான் குறிப்பிடும் ஆட்களின் ஊரையும் உறவையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. முகாம் இவர்களுக்கு ஒத்துவராது. சாமியானா, மைக், வரிசை, வெயில், முகத்துக்கு நேரே டார்ச் வெளிச்சம், முன்பின் தெரியாத ஆள் வாய்க்குள் விரலை விடுவது. நமக்கே எரிச்சல் வரும். கிளினிக்குக்கு ரயிலிலாவது கூட்டிவரலாம் என்றால், பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி ஓடியது. அதுவரை தீவுக்காரர்களுக்குப் பஸ்தான். பஸ்ஸின் ஹாரன் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறவரை எப்படிக் கூட்டிவருவது? நாங்கள் போவதுதான் வழி.

போனவுடன் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. இதை நான் எந்த மருத்துவரிடமும் முதலில் சொல்வேன். முதல் தடவை திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிவிட்டு, ஒரு புது பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். கையுறை, மாஸ்க் எதுவும் அன்றைக்குப் போடுவதில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார், முப்பத்தைந்து தாண்டியவர், நல்ல உடம்பு. "அவன் வாயத் தெறக்கவே மாட்டாம்மா, கடிச்சுப்புடுவான்" என்று அவர் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் அவரிடமே பேசினோம். "அண்ணே, நல்லா இருக்கீங்களா? இந்த பிரஷ்ஷு உங்களுக்குத்தான், கலர் பிடிச்சிருக்கா?" அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைக்கவும் இல்லை. நாற்பதை நெருங்குகிற ஆளைச் "செல்லக்குட்டி, ஆ காட்டு" என்று கொஞ்சுவதையும், அவர் முன்னாலேயே "இதுக்கு எத்தனை வயசு?" என்று அம்மாவிடம் கேட்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவருக்குப் புரியாது என்று நினைப்பது தவறு. சொல் புரியாவிட்டாலும் குரலில் இருக்கும் மதிப்பு எல்லாருக்கும் புரிகிறது.

அடுத்தடுத்த தடவைகளில் பிரஷ் அவர் கையிலிருந்து உதட்டுக்கு, உதட்டிலிருந்து முன்பல்லுக்கு, பிறகு கண்ணாடி, பிறகு என் விரல் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனோம். எதைச் செய்யப்போகிறோமோ அதை முதலில் சொல்வோம், அம்மாவின் கையிலோ என் கையிலோ செய்து காட்டுவோம், அப்புறம்தான் அவருக்கு. இதில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது எண்ணுவது. "பத்து எண்ணுற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி, பத்து வந்ததும் வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் கையை எடுத்துவிடவேண்டும். இன்னும் ஒரே ஒரு பல்தானே என்று பதினைந்து வரை இழுத்தால் அடுத்த தடவை அவர் நம்பமாட்டார். சொன்ன இடத்தில் நிறுத்துகிறவர் என்று தெரிந்த பிறகு பத்து இருபதாகும், இருபது ஐம்பதாகும். தங்கச்சிமடத்து அண்ணன் இப்போது எங்களோடு சேர்ந்து எண்ணுகிறார். ஏழு என்ற எண்ணை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார். நாங்களும் விட்டுவிட்டே எண்ணுகிறோம்.

கட்டிப் பிடித்துச் செய்யலாமா என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாதவர்கள் அவர்கள். அந்தச் செய்தியோடு வளர்ந்த ஊர்க்காரி நான். ஒருவரைக் கட்டி வைத்து அவருக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மா கையைப் பிடித்துக்கொள்வது வேறு, அது ஆறுதல். அவர் உதறினால் விட்டுவிடும் பிடியாக அது இருக்கவேண்டும். நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஒரு பல்லைப் பிடுங்கினால் அன்றைக்கு வலி தீரும். அதற்குப் பின் பத்து வருடத்துக்கு அவர் யாரையும் வாய்ப்பக்கம் விடமாட்டார், பிரஷ்ஷோடு வரும் அம்மாவைக்கூட. உயிருக்கு ஆபத்தான சீழ் என்றால் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வழி இருக்கிறது. மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

இனி வீட்டில் பல் தேய்த்துவிடுவது. மருத்துவர் வருடத்தில் சில நாள் வருவார், இது தினமும் நடப்பது, அதனால் இதைத்தான் அதிகம் சொல்லவேண்டும்.

நேருக்கு நேர் நின்று தேய்க்காதீர்கள். முகத்துக்கு எதிரே கை வந்தால் யாரும் தலையைப் பின்னால் இழுப்பார்கள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவரைக் கீழே உங்கள் காலுக்கு நடுவே உட்காரவைத்து, தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். அல்லது பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். எதிரே கண்ணாடி மாட்டினால் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியும், பயம் குறையும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர் என்றால் கழுத்தை ரொம்பப் பின்னுக்கு மடக்கக்கூடாது. அவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். சாப்பாடு புரையேறும் பழக்கம் உள்ளவரை மல்லாக்கப் படுக்கவைத்துத் தேய்க்கவே கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, நுரை குறைவாக, நடுநடுவே ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தேய்க்கவேண்டும்.

மிருதுவான பிரஷ், தலை சின்னதாக. குழந்தைகள் பிரஷ்கூடப் பரவாயில்லை. அவராகப் பிடித்துத் தேய்க்கக்கூடியவர் என்றால் பிடியைத் தடிமனாக்குங்கள். சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பர் போதும். பெரியபட்டினத்தில் ஒரு அத்தா (அப்பா), வலையில் கட்டும் மிதப்புக்கட்டை ஒன்றின் ஓட்டைக்குள் பிரஷ்ஷின் கைப்பிடியைச் செருகிக் கொடுத்திருந்தார். மகன் முழுக் கையாலும் அதைப் பிடித்துத் தேய்க்கிறார். நான் பார்த்ததிலேயே சிறந்த பிடி அதுதான், செலவும் இல்லை. அவர் தேய்த்து முடித்ததும் நீங்கள் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள்.

வாய்க்குள் விரலை விடும்போது மேல்பல் கீழ்பல் நடுவே போகவே கூடாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் விரலை விட்டுக் கன்னத்தை விலக்குங்கள். கடிக்கிறவர் என்றால் ஒரு பழைய பிரஷ்ஷின் கைப்பிடியில் சுத்தமான துணியைத் தடிமனாகச் சுற்றி ஒரு பக்கம் கடிக்கக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கலாம். ஒரு வேளையில் முழு வாயும் முடியவில்லையா? காலையில் மேல் வரிசை, இரவில் கீழ் வரிசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில் ஆரம்பித்தால் கடைசி இடம் தினமும் விட்டுப்போகும். அதனால் ஆரம்பத்தை மாற்றுங்கள். காலையில் சண்டை என்றால் காலையை விடுங்கள். இரவு தேய்ப்பதை மட்டும் விடாதீர்கள்.

ஈறில் ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை நிறுத்திவிட்ட வீடுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஈறோரத்தில் அழுக்கு தங்குவதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. மெதுவாக, விடாமல் தேய்த்தால் ஓரிரு வாரங்களில் குறையும். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பற்பசை வாங்கும்போது ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். நம் நாட்டில் 1000 பி.பி.எம். வரை அனுமதி, அந்த அளவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. பட்டாணி அளவு போதும். துப்பத் தெரிந்தவர் துப்பிவிட்டு அப்படியே விடட்டும், தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். துப்பத் தெரியாதவருக்கு பிரஷ்ஷில் லேசாகத் தடவினால் போதும். உமிக்கரி, செங்கல் பொடி, உப்பு, கரகரவென்ற பல்பொடி எதுவும் வேண்டாம். பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும், புரையேறும் ஆபத்தும் உண்டு.

சாப்பாட்டில் எங்கள் கரைக்கென்று சில பழக்கங்கள். அடம் பிடித்தால் பிஸ்கட், அழுதால் சீனி போட்ட டீயில் நனைத்த ரஸ்க், விருந்தாளி வந்தால் தொதல் என்ற இனிப்பு. இதெல்லாம் பாசத்தில் கொடுப்பது. வேறு எதைக் கொடுத்து அமைதியாக்குவது என்று தெரியாத களைப்பிலும் கொடுப்பது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பல்லுக்குத் தெரிவது எத்தனை தடவை இனிப்பு உள்ளே போனது என்பதுதான். ஒரே நேரத்தில் மூன்று துண்டு தின்பதைவிட நாள் முழுக்க ஒவ்வொரு துண்டாகத் தின்பது பல்லை அதிகம் அரிக்கும். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் பல்லைக் கெடுக்காது என்று இங்கே உறுதியாக நம்புகிறார்கள். பனையை எனக்கும் பிடிக்கும், ஆனால் சொத்தைப்பல் விஷயத்தில் கருப்பட்டியும் இனிப்புதான். நன்றாக மெல்லக்கூடியவருக்கு நுங்கு, வெள்ளரி, அவித்த பனங்கிழங்கு, சுண்டல் கொடுக்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கிழங்கும் சுண்டலும் வேண்டாம். சிலர் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவைத்து, கன்னத்துப் பள்ளத்தை ஈர பிரஷ்ஷால் ஒரு தடவை வழித்துவிடுங்கள்.

வீட்டுக்குப் போனால் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்வேன். பாதி விவரம் அதில் இருக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவருக்கு ஈறு வளர்ந்து பல்லையே மூடலாம். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. வாய் சுத்தமாக இருந்தால் அந்த வளர்ச்சி நன்றாகக் குறையும். மாத்திரையை மாற்றலாமா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். வலிப்புக்கே கொடுக்கும் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்குச் சில சமயம் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், பல் பிடுங்கும் முன் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது நல்லது. மனநல மாத்திரைகள் பல வாயை உலர்த்தும், எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். இனிப்பான சிரப்பாகக் கொடுக்கும் மருந்தை மாத்திரையாக மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தையைவிட ஈறு நோய்தான் பெரிய எதிரி, இளம் வயதிலேயே பல் ஆட ஆரம்பிக்கும். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களும் அவர்களில் நிறைய. இதய ஆபரேஷன் நடந்திருந்தால் அந்தக் காகிதத்தைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரில் இல்லாமல், கரண்ட் இல்லாமல் திண்ணையிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கைக்கருவியால் சொத்தையை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு ஜி.ஐ.சி. என்ற பல் சிமெண்டால் அடைக்கலாம். அதுவும் முடியாது என்றால் 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவலாம். ஒரு துளி, சின்ன பிரஷ், ஒரு நிமிடம். சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவவேண்டும். ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். இதைத் தடவுவதற்கு முன்னால் சொல்லவேண்டும், படம் காட்டிச் சொல்லவேண்டும். கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) தன் தங்கச்சியின் முன்பல்லுக்கு வேண்டாம் என்றார். "கல்யாணம் காட்சிக்குப் போனா நாலு பேரு பாப்பாங்கம்மா, அவளுக்கும் கண்ணாடி பாக்கப் பிடிக்கும்." நியாயமான பேச்சு. முன்பல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி வெள்ளை சிமெண்ட் வைத்தோம், கடைவாய்க்கு மட்டும் கறுப்பு மருந்து. அழகாக இருக்கும் ஆசை அந்தப் பெண்ணுக்கும் உண்டு. பெண்களைப் பார்க்கும்போது அம்மாவோ அக்காவோ கண்ணெதிரே இருக்கவேண்டும் என்பதையும் நாங்கள் எந்த ஊரிலும் மாற்றுவதில்லை.

வலியைச் சொல்லத் தெரியாதவருக்கு வலி வந்தால் எப்படித் தெரியும்? வழக்கமாகச் சாப்பிடுகிறவர் தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு பக்கமாகவே மெல்லுவார். கன்னத்தில் தானே அறைந்துகொள்வார், கையைக் கடிப்பார், ராத்திரி தூங்கமாட்டார், காரணமில்லாமல் கோபம் வரும். "திடீர்னு முரட்டுத்தனம் கூடிருச்சு" என்று மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய் மாத்திரையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவருக்குக் கடைவாயில் சீழ் கட்டியிருந்தது. நடத்தை மாறினால் முதலில் வாயையும் காதையும் பாருங்கள். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், எச்சிலை விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

சிலருக்கு எவ்வளவு பழக்கினாலும் முழு மயக்கம் இல்லாமல் முடியாது. மதுரை போகவேண்டியிருந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படிப் போகும்போது எல்லா வேலையையும் ஒரே மயக்கத்தில் முடிக்கும்படி முன்கூட்டியே திட்டமிடுங்கள். சுத்தம் செய்வது, அடைப்பது, காப்பாற்ற முடியாததைப் பிடுங்குவது எல்லாம். அதே மயக்கத்தில் ரத்தம் எடுப்பது, காது பார்ப்பது, விடவே விடாத கால் நகத்தை வெட்டுவதுகூட நடக்கலாம், கேட்டுப் பாருங்கள். எப்போது போவது என்பதற்கும் எங்கள் கரையில் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அப்பாவும் அண்ணனும் வீட்டில் இருப்பார்கள். எழுபது கிலோ ஆளைக் காரில் ஏற்றி இறக்க ஆண்துணை கிடைக்கும். ஆனால் அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. அதனால் ரத்தப் பரிசோதனை, கடிதம், தேதி எல்லாவற்றையும் பங்குனிக்குள்ளேயே முடித்துவைக்கச் சொல்கிறோம்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. மகன் 18 தாண்டிவிட்டால் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். பெரிய சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும்போது அது உதவும். அதே டிரஸ்ட்டின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிகிச்சையில் முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது, ஆஸ்பத்திரி வரிசையில் தயங்காமல் கேளுங்கள்.

எனக்கு இப்போது பெரிய கவலை அம்மாக்களின் வயது. அவர்களுக்கு அறுபது, எழுபது ஆகிவிட்டது. முட்டுவலி, கண்புரை. அவர்கள் கையை மட்டுமே அனுமதிக்கும் மகனுக்கு நாளைக்கு யார் தேய்ப்பது? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது கையைப் பழக்கச் சொல்கிறோம். அண்ணியோ, அண்ணன் மகனோ, பக்கத்து வீட்டு அக்காவோ, வாரத்தில் இரண்டு நாளாவது அம்மா பக்கத்தில் இருக்கும்போதே தேய்த்துப் பழகவேண்டும். மண்டபத்தில் ஒரு வீட்டில் அதைக் கல்லூரி படிக்கும் தம்பி மகள் எடுத்துக்கொண்டாள். முதல் மாதம் பெரியப்பா அவளை விடவில்லை. அவள் தன் பல்லை அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தாள், அவ்வளவுதான் செய்தாள். இப்போது இரவு அவள்தான்.

சிறப்புப் பள்ளிகளில் நாங்கள் கேட்பது ஒன்றே. 18 முடிந்து பெயரை நீக்கும்போது அந்தப் பட்டியலை, பெற்றோர் சம்மதத்தோடு, அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். பல் அவர்கள் வேலை இல்லை. ஆனால் அப்பாவுக்குப் பிரஷர் பார்க்க வந்தவர், உள் அறையில் இருக்கும் மகனின் கன்னம் வீங்கியிருக்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும். நான் பேசிய தன்னார்வலர்கள் யாரும் மறுக்கவில்லை. சிலர் இப்போது வீக்கம் தெரிந்த அன்றே போன் செய்கிறார்கள், பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கும்போதே.